சைனஸ் அறுவையில் இரத்தக் கசிவைக் குறைத்தல்: மயக்க மருத்துவருக்கான படிப்படியான வழிகாட்டி

பெங்களூரில் மயக்கவியல் பயிற்சிக்கு வரும் இளம் மருத்துவர்களில், சேலம், வேலூர், மதுரைப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் ஒவ்வோர் ஆண்டும் சிலராவது இருப்பார்கள். எண்டோஸ்கோப் வழியாகச் செய்யும் சைனஸ் அறுவைக்கு அவர்களோடு நிற்கும்போது, ஒரே தவறு திரும்பத் திரும்ப நிகழ்வதைப் பார்க்கிறேன். “ரத்தம் அதிகமாக வருகிறது” என்று அறுவை மருத்துவர் சொன்ன உடனே அவர்களுடைய கண் மானிட்டரில் உள்ள இரத்த அழுத்த எண்ணுக்குப் போகிறது. கை, அந்த எண்ணைக் குறைக்கும் ஏதோ ஒரு மருந்துக்குப் போகிறது. அழுத்தம் இறங்கிவிடுகிறது, கசிவு மட்டும் அப்படியே இருக்கிறது.

கசிவைக் கட்டுப்படுத்துவது ஒரு வரிசையான வேலை. எந்த ஒரு மருந்தாலும் அந்த வரிசைக்கு ஈடுகொடுக்க முடியாது. முதல் படிகளைச் சரியாகச் செய்தவருக்கு அழுத்தத்தைக் குறைக்கும் தனி மருந்து பெரும்பாலான நாட்களில் தேவைப்படுவதே இல்லை. கீழே உள்ளவை மயக்கவியலில் பயிற்சி பெறுவோருக்காக எழுதப்பட்டவை. மருந்தளவுகள் யாவும் வேறு பெரிய நோயில்லாத வயதுவந்தோருக்கு உரியவை. கணக்குகளை 60 கிலோ எடையுள்ள ஒருவருக்குப் போட்டுக் காட்டியிருக்கிறேன்.

1. கசிவு எந்தக் குழாயிலிருந்து வருகிறது என்று பிரித்தறிதல்

இந்த அறுவையில் இழக்கும் இரத்தத்தின் அளவு பொதுவாக உயிரைப் பறிக்கும் அளவு அன்று. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. 4 மி.மீ. விட்டமுள்ள எண்டோஸ்கோப்பின் முனையில் ஒரு துளி படிந்தாலும் காட்சி மறைந்துவிடும். மறைந்த அந்தக் காட்சிக்குப் பின்னால் கண்குழியின் தாள் போன்ற எலும்புச் சுவரும், மூளையைத் தாங்கும் மெல்லிய தளமும், பார்வை நரம்பும், மூளைக்குச் செல்லும் பெரிய தமனியும் இருக்கின்றன. நாம் காப்பாற்றித் தர வேண்டியது அறுவை மருத்துவரின் பார்வையை.

கசிவு மூன்று வகைப்படும். தமனியிலிருந்து வருவது துடிப்போடு பீறிடும். அதற்கு அழுத்தமும் துடிப்பும் காரணம். சிரையிலிருந்து வருவது கருஞ்சிவப்பாகத் தேங்கி நிரம்பும். படுக்கை நிலை, மூச்சுக்குழாய் அழுத்தம், இருமல் ஆகியவை அதைக் கூட்டும். மூன்றாவது நுண்குழாய்களிலிருந்து சவ்வு முழுவதும் வியர்ப்பதுபோல ஊறிவருவது. அழற்சியுற்ற சளிச்சவ்வில் நாம் பெரும்பாலும் சந்திப்பது இந்த மூன்றாவது வகைதான். நுண்குழாயில் ஓடும் இரத்தத்தின் அளவை, இதயம் நிமிடத்துக்கு வெளியேற்றும் அளவும் அந்த இடத்துக் குழாய்கள் சுருங்கியிருக்கின்றனவா விரிந்திருக்கின்றனவா என்பதுமே பெரிதும் தீர்மானிக்கின்றன. இதனால்தான், குழாய்களை விரித்து அழுத்தத்தைக் குறைக்கும் மருந்து, எண்ணை இறக்கிவிட்டு அறுவைக் களத்தை மேலும் சிவக்க வைக்கிறது.

அறுவை மருத்துவரோடு பேச ஒரு பொது அளவுகோல் வேண்டும். பூஸார்ட் தரவரிசை 0 முதல் 5 வரை செல்கிறது: 0 என்றால் கசிவே இல்லை, 2 என்றால் எப்போதாவது உறிஞ்சினால் போதும், 3 என்றால் அடிக்கடி உறிஞ்ச வேண்டும், குழாயை எடுத்த சில நொடிகளில் களம் மறையத் தொடங்கும், 5 என்றால் உறிஞ்சுவதைவிட வேகமாக இரத்தம் வருகிறது, அறுவையைத் தொடர முடியாது. “ரொம்ப ரத்தம்” என்று ஒருவர் சொல்வதும் மற்றொருவர் சொல்வதும் ஒன்றல்ல. எண்ணாகக் கேட்டால், நாம் கொடுத்த மருந்து வேலை செய்ததா என்பதும் எண்ணாகவே தெரியும். இரண்டு அல்லது அதற்குக் கீழே இருந்தால் மயக்க மருந்தில் கை வைக்காமல் இருப்பதே நல்லது.

2. முன்பரிசோதனையில் கேட்க வேண்டியவை

மயக்கம் கொடுக்கும் நாளில் சரிசெய்ய முடியாதவை பல. அவற்றை ஒரு வாரத்துக்கு முன்பே பிடிக்க வேண்டும். இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களைத் தடுக்கும் ஆஸ்பிரின் போன்ற மருந்துகளின் விளைவு ஏறத்தாழ ஏழு நாட்களுக்கு நீடிக்கும். ஆனால் இதயத் தமனியில் ஸ்டென்ட் வைத்தவருக்கு, இதய மருத்துவரின் ஒப்புதல் இல்லாமல் அவற்றை நிறுத்தச் சொல்லக் கூடாது. சைனஸ் அறுவை காத்திருக்கும், ஸ்டென்ட் அடைப்பு காத்திருக்காது.

மருந்துச் சீட்டில் இல்லாதவற்றையும் கேளுங்கள். அல்சூரிலிருந்தோ ஓசூரிலிருந்தோ வரும் தமிழ் பேசும் நோயாளியிடம் “வேறு மருந்து ஏதாவது எடுக்கிறீர்களா?” என்று கேட்டால் “இல்லை டாக்டர்” என்பார். “மீன் எண்ணெய் மாத்திரை, பூண்டு மாத்திரை, நாட்டு மருந்து, மூட்டு வலிக்குக் கடையில் வாங்கிய மாத்திரை?” என்று ஒவ்வொன்றாகக் கேட்டால், “ஆமாம், அது தினமும்” என்ற பதில் வரும். பலருடைய எண்ணத்தில் அவை மருந்துக் கணக்கில் சேர்வதில்லை. இவற்றில் பல தட்டணுக்களின் வேலையைக் குறைக்கக் கூடியவை.

ஆஸ்துமா, மூக்கில் சதை வளர்ச்சி, ஆஸ்பிரின் ஒவ்வாமை ஆகிய மூன்றும் சேர்ந்திருக்கிறதா என்பதைத் தவறாமல் விசாரிக்க வேண்டும். அப்படி இருப்பவருக்கு டைக்ளோஃபினாக், கீட்டோரோலாக் இரண்டும் மூச்சுக்குழாய் இறுக்கத்தை ஏற்படுத்தலாம். ஆஸ்துமா உள்ளவருக்கு, நாடித்துடிப்பைக் குறைக்க நாம் பின்னர் நம்பியிருக்கும் பீட்டா தடுப்பிகளும் கைகொடுக்காமல் போகலாம். இது முன்பே தெரிந்தால் வேறு மருந்தைத் தயார் செய்துகொள்ளலாம்.

சதை வளர்ச்சி அதிகமுள்ளவருக்கு, அறுவைக்கு முன் சில நாட்கள் வாய்வழி ஸ்டீராய்டு கொடுப்பது அழற்சியைத் தணித்துக் கசிவைக் குறைக்கிறது. முடிவு காது மூக்கு தொண்டை மருத்துவருடையது. ஆனால் நீரிழிவு உள்ளவரானால் சர்க்கரை ஏறுவதை நாம் எதிர்பார்த்திருக்க வேண்டும்.

அழுத்தத்தைக் குறைக்கக் கூடாதவர்களை முன்பரிசோதனை அறையிலேயே அடையாளம் காணுங்கள்: இதயத் தமனி நோய், கழுத்துத் தமனி அடைப்பு, முன்பு பக்கவாதம், கட்டுக்குள் வராத உயர் இரத்த அழுத்தம், சிறுநீரகக் குறைபாடு, கடும் இரத்தசோகை, கர்ப்பம். இவர்களுக்குப் படுக்கை நிலை, மூக்கில் வைக்கும் மருந்து, துடிப்புக் கட்டுப்பாடு ஆகியவற்றோடு நின்றுகொள்ள வேண்டும். நோயாளியின் வழக்கமான அழுத்தத்தை வார்டில் அமைதியாக எடுத்துக் குறித்துவையுங்கள். தியேட்டர் மேசையில் பயத்தோடு படுத்திருக்கும்போது எடுக்கும் முதல் அளவை அடிப்படையாகக் கொண்டால், பின்வரும் கணக்கெல்லாம் தவறிவிடும்.

அறுவைக்குப் பின் மூக்கு அடைபட்டிருக்கும், வாயால்தான் மூச்சுவிட வேண்டும் என்பதையும் இப்போதே சொல்லி, வாயால் மூச்சுவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இதற்கு இரண்டு நிமிடம் போதும். எழும்போது திணறிப் பதறாமல் இருப்பவருக்குக் கசிவும் குறைவு.

3. நோயாளி வருவதற்கு முன் எடுத்து வைக்க வேண்டியவை

சிரிஞ்சு பம்ப் இரண்டு வேண்டும். ஒன்று மயக்க மருந்தான புரோபோஃபாலுக்கு, மற்றது வலிமருந்து அல்லது அமைதியூட்டும் டெக்ஸ்மெடெடோமிடினுக்கு. இரண்டிலும் பேட்டரி ஏறியிருக்கிறதா என்று மின்கம்பியைக் கழற்றிப் பாருங்கள். ஜெனரேட்டர் வரும் வரையிலான இடைவெளியில் மயக்கம் நிற்கக் கூடாது.

கலவைகளைத் தியேட்டரில் எல்லோரும் ஒரே விதமாகச் செய்வது பிழையைக் குறைக்கும். டெக்ஸ்மெடெடோமிடின் 200 மைக்ரோகிராமை மொத்தம் 50 மி.லி. ஆகும்படி உப்புநீரில் கலந்தால் ஒரு மி.லி.க்கு 4 மைக்ரோகிராம் இருக்கும். துடிப்பைக் குறைக்கும் பீட்டா தடுப்பியான எஸ்மோலாலின் 100 மி.கி. குப்பி 10 மி.லி. கொண்டது, ஒரு மி.லி.க்கு 10 மி.கி., அதைக் கலக்கத் தேவையில்லை. ஒவ்வொரு சிரிஞ்சிலும் மருந்தின் பெயரோடு செறிவையும் எழுதி ஒட்டுங்கள். பெயர் மட்டும் இருக்கும் சிரிஞ்சைப் பாதி லேபிள் உள்ளதாகவே நான் கருதுகிறேன்.

நரம்புவழி (அதாவது சிரைவழி) மட்டும் மயக்கம் கொடுக்கும்போது, சிரையில் செருகிய கேனுலா என்ற சிறு குழாயே நோயாளியின் மயக்கம். சைனஸ் அறுவையில் கைகள் உடலோடு சேர்த்துத் துணியால் சுற்றப்பட்டிருக்கும். கேனுலா நழுவினாலும் தெரியாது. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடத்தப்பட்டு 2014இல் வெளிவந்த பெரும் ஆய்வு, அறுவையின் நடுவே விழித்துக்கொண்ட நோயாளிகளை ஆராய்ந்தபோது, நரம்புவழி மயக்கத்தில் மருந்து நோயாளிக்குப் போய்ச் சேராமல் போவதை ஒரு முக்கியக் காரணமாகச் சுட்டியது. ஆகவே கேனுலா இருக்கும் இடம் பார்வைக்கும் கைக்கும் எட்டும்படி இருக்க வேண்டும். உப்புநீர்க் குழாயில் பின்னோட்டத் தடுப்பு வால்வு இருக்க வேண்டும். தசைத் தளர்த்தி கொடுத்தால் மூளை அலையைக் காட்டும் பிஸ் கருவியை வைத்து 40 முதல் 60க்குள் பராமரிக்க வேண்டும்.

4. மயக்கத்தைத் தொடங்குதலும் மூச்சுவழியும்

வலிமருந்தான ஃபென்டானில் கிலோவுக்கு 2 மைக்ரோகிராம், புரோபோஃபால் கிலோவுக்கு 1.5 முதல் 2.5 மி.கி. என்று நிதானமாகத் தொடங்குங்கள். ஃபென்டானில் முழுவதுமாக வேலை செய்ய மூன்று நான்கு நிமிடங்களாவது ஆகும். அதற்குள் அவசரப்பட்டு, குரல்வளையைப் பார்க்கும் லாரிங்கோஸ்கோப்பை வைத்தால் துடிப்பு 110க்கு ஏறும். அந்த ஏற்றம் இறங்கப் பல நிமிடங்கள் ஆகும்.

தாடைக்குக் கீழே வளைந்து செல்லும் முன்வடிவ டியூப்போ, வளையக்கூடிய லாரிங்கியல் மாஸ்க்கோ வைக்கலாம். மாஸ்க் வைத்தால் தொடக்கத்திலும் எழும்போதும் அழுத்த ஏற்றம் குறைவு என்பதால் கசிவுக்கு அது நல்லது. ஆனால் அது சரியாக அமர்ந்திருப்பதை உறுதிசெய்யும் அனுபவம் வேண்டும். பயிற்சியின் முதல் ஆண்டில் டியூப்பே போதும்.

தொண்டையில் துணிப்பஞ்சு வைத்தால் அதன் வால் வாய்க்கு வெளியே தெரிய வேண்டும். பலகையில் எழுத வேண்டும். செவிலியர் எண்ணிக்கையில் சேர்க்க வேண்டும். எடுக்க மறந்த பஞ்சு மூச்சுவழியை அடைத்து உயிரைக் கொல்லும்.

கண்களில் களிம்பிட்டு மூடுங்கள். ஆனால் துணியால் மறைக்க வேண்டாம். கண்குழிக்குள் இரத்தம் தேங்கினால் விழி முன்தள்ளுவதை அறுவை மருத்துவர் உடனே பார்க்க முடிய வேண்டும்.

5. தலையை உயர்த்துதல்

மேசையை 15 பாகை அளவுக்குத் தலைப்பக்கம் உயர்த்துங்கள். தலையின் சிரைகள் வடிந்து சிரைக் கசிவு குறையும். செலவில்லாத, பக்கவிளைவு குறைந்த இந்த ஒரு செயலைப் புதியவர்கள் பலரும் அறுவை தொடங்கிய பின்னர்தான் நினைவுகூர்கிறார்கள்.

இதில் ஒரு கணக்கைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். உயரம் ஒவ்வொரு 1.36 செ.மீ. கூடும்போதும் அழுத்தம் 1 மி.மீ. பாதரச அளவு குறைகிறது. காது, அழுத்தப்பட்டை கட்டிய கையைவிட 15 செ.மீ. உயர்ந்திருந்தால் மூளையில் அழுத்தம் ஏறத்தாழ 11 மி.மீ. குறைவாக இருக்கும். பட்டையில் சராசரி அழுத்தம் 65 என்று காட்டும்போது மூளைக்குக் கிடைப்பது 54 மட்டுமே. பட்டையைக் காலில் கட்டியிருந்தால் இந்தப் பிழை இன்னும் பெரிதாகும். தமனிக்குள் குழாய் போட்டிருந்தால், அழுத்தத்தை அளக்கும் டிரான்ஸ்டியூசரைக் காதுத் துளையின் மட்டத்தில் வைத்துவிடுங்கள். எண்ணை அப்படியே நம்பலாம்.

6. மூக்கில் வைக்கும் சுருக்க மருந்துகள்

கசிவைக் குறைப்பதில் இந்தப் படிக்கு ஈடானது வேறில்லை என்பது என் கருத்து. இதைச் செய்வது அறுவை மருத்துவரானாலும், இதன் விளைவைச் சந்திப்பது நாம்தான். ஆகவே இங்கே நின்று பேச வேண்டியிருக்கிறது.

மூக்கில், இரத்தக் குழாய்களைச் சுருக்கும் மருந்தில் நனைத்த பஞ்சுப்பட்டைகளை, கத்தி வைப்பதற்குப் பத்து நிமிடம் முன்பே வைத்தாக வேண்டும். நேரம் மிச்சப்படுத்துவதற்காக இரண்டு நிமிடத்தில் எடுத்துவிடும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அங்கே பின்னர் இரத்தத்தை உறிஞ்சுவதிலேயே அதைவிட அதிக நேரம் போகிறது. ஆக்ஸிமெட்டாசோலின், சைலோமெட்டாசோலின், 1:1000 அட்ரினலின் ஆகியவை இதற்குப் பயன்படுகின்றன.

செறிவுக் குழப்பம்தான் இங்கே ஆட்கொல்லி. 1:1000 என்றால் ஒரு மி.லி.யில் 1 மி.கி. அட்ரினலின். 1:1,00,000 என்றால் 10 மைக்ரோகிராம். 1:2,00,000 என்றால் 5 மைக்ரோகிராம். பஞ்சை நனைக்க வைத்த 1:1000 கரைசல், ஊசி போட வைத்த லிக்னோகைன் அட்ரினலின் கலவை இரண்டும் நிறமற்றவை. ஒரே தட்டில் இரண்டு கிண்ணங்களில் இருக்கும். ஒன்றை மற்றொன்றாக எண்ணி ஊசியில் ஏற்றினால் நூறு மடங்கு, இருநூறு மடங்கு அளவு உள்ளே போகும். பஞ்சுக் கரைசலில் ஃபுளோரசீன் சாயம் கலந்து நிறம் கொடுப்பது, அதை ஒருபோதும் சிரிஞ்சில் ஏற்றாமல் இருப்பது, வேறு தட்டில் வைப்பது, இரண்டையும் உரக்கச் சொல்லிக் கொடுப்பது என எல்லாவற்றையும் ஒருசேரக் கடைப்பிடியுங்கள்.

ஊசியாகப் போடும் 2% லிக்னோகைன், 1:2,00,000 அட்ரினலின் கலவையில் 10 மி.லி. என்றால் லிக்னோகைன் 200 மி.கி., அட்ரினலின் 50 மைக்ரோகிராம். அட்ரினலினோடு சேர்ந்த லிக்னோகைனுக்கு எல்லை கிலோவுக்கு 7 மி.கி.; 60 கிலோவுக்கு 420. அளவு பாதுகாப்பானதுதான். ஆனால் எவ்வளவு போட்டார் என்பதைக் கேட்டு எழுதிக்கொண்டே வாருங்கள். ஊசி போடுவதை அறுவை மருத்துவர் முன்கூட்டிச் சொல்ல வேண்டும். மயக்கம் ஆழமாக இருக்கும்போது போட்டால் விளைவு மென்மையாக இருக்கும். போட்ட ஓரிரு நிமிடங்களில் அழுத்தம் ஏறுவதும் உண்டு, தற்காலிகமாக இறங்குவதும் உண்டு. இரண்டும் பெரும்பாலும் சில நிமிடங்களில் தாமாகவே சீராகும்.

இனி இந்த வழிகாட்டியிலேயே மிக முக்கியமான எச்சரிக்கை. ஒருநாள் பஞ்சு வைத்த மூன்றாம் நிமிடத்தில் அழுத்தம் 210/120க்கு ஏறியது. என்னோடு நின்ற பயிற்சி மருத்துவர், நல்ல கைத்திறன் உள்ளவர், உடனே லாபெட்டலால் என்ற பீட்டா தடுப்பியின் சிரிஞ்சை எடுத்துவிட்டார். அவர் கையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. சுருக்க மருந்தால் உடலெங்கும் குழாய்கள் இறுகியிருக்கும்போது, அந்தத் தடையை எதிர்த்து இரத்தத்தைத் தள்ள இதயம் தன் வலிமையை முழுவதும் பயன்படுத்துகிறது. பீட்டா தடுப்பி அந்த வலிமையைப் பறித்துவிடும்; தடை அப்படியே இருக்கும். விளைவு, நுரையீரலில் நீர் கோத்தலும் இதய நிறுத்தமும். மூக்கிலும் தொண்டையிலும் பயன்படுத்திய ஃபினைல்எஃப்ரின் என்ற சுருக்க மருந்துக்குப் பின் இத்தகைய இறப்பு நேர்ந்ததை அடுத்து, நியூயார்க் மாநிலத்தில் கூடிய நிபுணர் குழு 2000இல் வெளியிட்ட வழிமுறையில், இந்த நிலையில் பீட்டா தடுப்பிகளையும் கால்சியம் தடுப்பிகளையும் தவிர்க்கச் சொல்லியது.

செய்ய வேண்டியது இது: பஞ்சை எடுக்கச் சொல்லுங்கள். புரோபோஃபால் 20 முதல் 30 மி.கி. கொடுத்து மயக்கத்தை ஆழமாக்குங்கள். காத்திருங்கள்; பெரும்பாலும் ஐந்து பத்து நிமிடத்தில் இறங்கிவிடும். இதயத்தில் பாதிப்பின் அறிகுறி தெரிந்தாலோ இறங்காமல் நின்றாலோ, நைட்ரோகிளிசரின் 50 மைக்ரோகிராம் போன்ற சிறிய அளவில் குழாய்களை நேரடியாக விரிக்கும் மருந்தைக் கொடுங்கள்.

7. மயக்கத்தைப் பராமரித்தல்

புரோபோஃபாலை நரம்புவழித் தொடர்ந்து செலுத்துவதே என் முதல் தெரிவு. செவோஃப்ளுரேன் போன்ற முகர்வு மருந்துகள் அளவு கூடக் கூடக் குழாய்களை விரிக்கின்றன. புரோபோஃபாலோடு வலிமருந்தைச் சேர்த்துச் செலுத்தும்போது துடிப்பும் இதயம் வெளியேற்றும் அளவும் அடங்கியிருக்கின்றன. களமும் ஓரளவு தெளிவாக இருக்கிறது. வேறுபாடு மாயம் போன்றது அன்று. அழற்சி அதிகமுள்ள நோயாளியிடம் அது நன்கு புலப்படுகிறது.

இலக்குச் செறிவை வைத்து இயங்கும் பம்ப் இல்லாத இடங்களில் 10–8–6 என்ற பழைய முறை உதவும்: முதல் பத்து நிமிடம் கிலோவுக்கு மணிக்கு 10 மி.கி., அடுத்த பத்து நிமிடம் 8, பின்னர் 6. 1% புரோபோஃபாலில் 60 கிலோவுக்கு அது மணிக்கு 60, 48, 36 மி.லி. இம்முறை 1988இல் நைட்ரஸ் ஆக்ஸைடும் ஃபென்டானிலும் சேர்த்தே வகுக்கப்பட்டது. காற்றும் ஆக்ஸிஜனும் மட்டும் கொடுக்கும்போது இதே எண்களைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றினால் மயக்கம் மேலோட்டமாகிவிடக் கூடும். பிஸ் எண்ணையும் துடிப்பையும் பார்த்துத் திருத்துங்கள்.

இரண்டாவது பம்பில் எது? ரெமிஃபென்டானில் கிடைத்தால், கிலோவுக்கு நிமிடத்துக்கு 0.05 முதல் 0.2 மைக்ரோகிராம். துடிப்பை இவ்வளவு விரைவாக அடக்கி, நிறுத்தியதும் இவ்வளவு விரைவாக விலகும் மருந்து வேறில்லை. அந்த விரைவே அதன் குறையும்கூட: நிறுத்துவதற்கு முன் நீண்டநேர வலிமருந்து கொடுக்காவிட்டால் நோயாளி வலியோடு எழுந்து இருமுவார், அதுவரை காத்த களம் மீண்டும் கசியும்.

ரெமிஃபென்டானில் கிடைக்காத இடத்தில் டெக்ஸ்மெடெடோமிடின் நல்ல துணை. கிலோவுக்கு 1 மைக்ரோகிராமைப் பத்து நிமிடத்தில் கொடுங்கள். 60 கிலோவுக்கு 15 மி.லி., அதாவது பம்பில் மணிக்கு 90 மி.லி. பின்னர் கிலோவுக்கு மணிக்கு 0.5 மைக்ரோகிராம் என்றால் மணிக்கு 7.5 மி.லி. முதல் பத்து நிமிடம் முடிந்ததும் வேகத்தை மாற்ற மறப்பது அடிக்கடி நேரும் பிழை. கைப்பேசியிலாவது நேரம் வைத்துக்கொள்ளுங்கள். வேகமாகச் செலுத்தினால் முதலில் அழுத்தம் ஏறி, பின் துடிப்பு மிகவும் இறங்கும். முதியவர்களுக்கும் துடிப்பு ஏற்கெனவே 60க்குக் கீழே உள்ளவர்களுக்கும் தொடக்க அளவைத் தவிர்த்துவிடுவேன்.

முகர்வு மருந்து மட்டுமே சாத்தியம் என்றால் அதுவும் முடியும். வலிமருந்தைத் தொடர்ந்து செலுத்தி, செவோஃப்ளுரேனை ஒரு மேக் (கத்தி வைக்கும்போது பாதிப்பேர் அசையாமல் இருக்கத் தேவையான செறிவு) அளவுக்குக் கீழே வைத்தால், களம் பொறுத்துக்கொள்ளும் அளவில் இருக்கும். வலிமருந்து இல்லாமல் செவோஃப்ளுரேனை மட்டும் ஏற்றி அழுத்தத்தை இறக்குவதுதான் தவறு.

இலக்கு: துடிப்பு நிமிடத்துக்கு 60ஐ ஒட்டி, பட்டையில் சராசரி அழுத்தம், உடல்நலமுள்ள இளையோருக்கு 65 முதல் 75 வரை, வழக்கமான அளவிலிருந்து 30 விழுக்காட்டுக்கு மேல் இறங்காமல். இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால் துடிப்பைத் தேர்ந்தெடுங்கள். மேலே சொன்ன தரவரிசையின் பூஸார்ட் குழு 1995இல் எஸ்மோலாலையும், குழாய்களை விரிக்கும் சோடியம் நைட்ரோபுருசைடையும் ஒப்பிட்டபோது, எஸ்மோலால் கொடுத்தவர்களுக்கு அழுத்தத்தைச் சற்றே குறைத்த நிலையிலேயே நல்ல களம் கிடைத்தது. நைட்ரோபுருசைடு அழுத்தத்தை ஆழமாக இறக்கியும் அத்தகைய களத்தைத் தரவில்லை. நைட்ரோகிளிசரினைத் தொடர்ந்து செலுத்திக் களத்தைத் தெளிவாக்க முயல்வதும் இதே காரணத்தால் வீண்: சிரைகள் விரிகின்றன, துடிப்பு எதிர்வினையாக ஏறுகிறது.

மெக்னீசியம் சல்ஃபேட் கிலோவுக்கு 30 மி.கி. அளவில் பதினைந்து நிமிடத்தில் கொடுப்பதும் உதவும். ஆனால் தசைத் தளர்த்தியின் விளைவை அது நீட்டிக்கும். தசைத் தளர்வை அளக்கும் நரம்புத் தூண்டல் கருவி இல்லாத அறையில் அதை நான் பரிந்துரைப்பதில்லை.

8. டிரானெக்ஸாமிக் அமிலம்

கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி., கத்தி வைப்பதற்கு முன், பத்து நிமிடத்தில். உறைந்த இரத்தம் கரைவதைத் தடுப்பதே அதன் வேலை என்பதால், கசிவு தொடங்கிய பின் கொடுப்பதைவிட முன்னரே கொடுப்பது பொருத்தம். வேகமாகச் செலுத்தினால் அழுத்தம் இறங்கும். வலிப்பு நோயோ, கால் சிரையிலும் நுரையீரலிலும் இரத்தம் உறைந்த வரலாறோ இருந்தால் தவிர்க்க வேண்டும்.

9. நடுவில் களம் சிவந்தால்

தரவரிசை 3ஐத் தாண்டிவிட்டது என்று அறுவை மருத்துவர் சொன்னால், மருந்தை எடுப்பதற்கு முன் இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் கேனுலாவும் பம்பும். புரோபோஃபால் உள்ளே போகிறதா? சிரிஞ்சு தீர்ந்துவிட்டதா? கசிவு கூடுவது சில சமயம் மயக்கம் மேலோட்டமானதன் முதல் அறிகுறி. அடுத்து மூச்சு: மூச்சுக்குழாய் அழுத்தம் ஏறியிருக்கிறதா, டியூப் மடங்கியிருக்கிறதா, நோயாளி வென்டிலேட்டரை எதிர்க்கிறாரா, வெளிமூச்சில் கார்பன் டை ஆக்ஸைடு 40ஐத் தாண்டியிருக்கிறதா? கார்பன் டை ஆக்ஸைடு குழாய்களை விரிக்கும். மார்பில் அழுத்தம் ஏறினால் தலையின் சிரைகள் நிரம்பும். பிறகு நிலை: மேசை இன்னும் உயர்ந்தே இருக்கிறதா, கழுத்து ஒருபக்கம் மடங்கி, டியூப்பைக் கட்டிய நாடா சிரையை அழுத்துகிறதா? அந்த நாடாவைத் தளர்த்தியதுமே களம் தெளிந்ததை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

இவையெல்லாம் சரியென்றால், சுருக்க மருந்துப் பஞ்சை மீண்டும் சில நிமிடம் வைக்கவோ வெதுவெதுப்பான உப்புநீரால் கழுவவோ அறுவை மருத்துவரிடம் கேளுங்கள். அதன் பிறகும் துடிப்பு 80க்கு மேல் நின்று, அழுத்தமும் மிக உயரமாக இல்லாமல், ஆஸ்துமாவும் இல்லையென்றால் எஸ்மோலால் கொடுக்கலாம்: கிலோவுக்கு 0.5 மி.கி., அதாவது 3 மி.லி., ஒரு நிமிடத்தில். தேவைப்பட்டால் கிலோவுக்கு நிமிடத்துக்கு 100 மைக்ரோகிராம், அதாவது மணிக்கு 36 மி.லி. பஞ்சு வைத்ததால் அழுத்தம் சட்டென்று ஏறியிருக்கும் அந்தச் சில நிமிடங்களில் இதைத் தொடவே கூடாது. ஆறாம் படியை நினைவில் வையுங்கள்.

துடிப்போடு பீறிடும் ஒரே இடத்துக் கசிவு என்றால் அது தமனி. அதற்கு மருந்து தேடாதீர்கள். அதைச் சுட்டு அடைப்பது அறுவை மருத்துவரின் வேலை. இத்தனைக்கும் பிறகு களம் தெளியவில்லையென்றால், அறுவையை அத்துடன் நிறுத்திக்கொண்டு இன்னொரு நாள் முடிக்கலாம் என்று சொல்லும் துணிவு நமக்கு வேண்டும்.

10. எழுப்புதல்

கடைசிப் பத்து நிமிடத்தில் அழுத்தத்தை வழக்கமான அளவை நோக்கி ஏறவிடுங்கள். தாழ்ந்த அழுத்தத்தில் கசியாமல் இருந்த குழாய், வார்டில் அழுத்தம் ஏறியதும் கசியும். அதை மேசையிலேயே கண்டு அடைப்பது நல்லது. இதை அறுவை மருத்துவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பாராசிட்டமால் 1 கிராமும், தேவைக்கேற்ப மார்ஃபின் அல்லது ஃபென்டானிலும், பம்பை நிறுத்துவதற்கு முன்பே கொடுங்கள். வாந்திக்கான மருந்தும் கட்டாயம்: விழுங்கிய இரத்தம் குமட்டும், வாந்தி தலைச் சிரைகளை நிரப்பும்.

தொண்டைப் பஞ்சை எடுத்து, எடுத்ததை உரக்கச் சொல்லி, பலகையில் எழுதியதை அடித்துவிடுங்கள். பிறகு லாரிங்கோஸ்கோப்பால் பார்த்து உறிஞ்சுங்கள். மென்அண்ணத்துக்குப் பின்னால் மூக்கின் அடியில் உறைந்த கட்டி ஒளிந்திருக்கும். டியூப்பை எடுத்த பின் அது மூச்சுவழியில் விழுந்தால் நோயாளி மூச்சுத்திணறி இறக்கக்கூடும். வெறுமனே வாயை உறிஞ்சினால் அது வராது. தலையைச் சற்று முன்னே வளைத்து, அண்ணத்தின் பின்னே குழாயைச் செலுத்திப் பார்க்க வேண்டும்.

லிக்னோகைன் கிலோவுக்கு 1 மி.கி. நரம்புவழி கொடுப்பதும், ரெமிஃபென்டானிலை மிகக் குறைந்த அளவில் டியூப் எடுக்கும் வரை ஓடவிடுவதும் இருமலைத் தணிக்கும். நோயாளி கண் திறந்து, சொன்னதைக் கேட்டு, தானாக மூச்சுவிடும் வரை டியூப்பை எடுக்காதீர்கள். எடுத்த பின் முகமூடியால் அழுத்திக் காற்று கொடுப்பதைக் கூடுமானவரை தவிருங்கள். மூளைத்தளத்தில் கண்ணுக்குத் தெரியாத சிறு பிளவு இருந்தால் காற்று அதன் வழியே மேலே ஏறும். கண்குழிச் சுவரில் இருந்தால் இமை வீங்கும்.

மீட்பு அறையில் தலையை 30 பாகை உயர்த்திப் படுக்க வையுங்கள். நோயாளி அடிக்கடி விழுங்குகிறாரா என்று தொண்டையைப் பாருங்கள்; முன்பக்கம் காய்ந்திருந்தாலும் பின்பக்கம் கசிவதை அந்த விழுங்குதலே காட்டிக்கொடுக்கும். ஒவ்வொரு பதினைந்து நிமிடத்துக்கும் இரண்டு இமைகளையும் திறந்து, பார்வை தெரிகிறதா, விழி அசைகிறதா, ஒரு பக்கம் புடைத்திருக்கிறதா என்று கேட்டும் தொட்டும் பார்க்கும்படி செவிலியருக்கு எழுதிக் கொடுங்கள். ஒரு கண்ணில் வலியோடு பார்வை மங்குகிறது என்றால், வார்டுக்கு அனுப்பாமல் அந்த நிமிடமே அறுவை மருத்துவரை அழைக்க வேண்டும்.